முதல் சைக்கிள்

மாமனார் ஆண்டிச்சாமி வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. இரும்பு நாற்காலி. சுவரில் மடக்கிச் சாத்தி வைத்திருப்பார்கள். காசிமாயன் அந்த வீட்டுக்கு மருமகனாகி ஒன்பது வருஷத்தில் அது ஒரு தடவைகூட அவனுக்காக விரிந்ததில்லை. நல்லகாமன் வந்து வாசலில் நின்ற முதல் நாளே விரிந்தது.

இருவரும் சகலைகள். மூத்தவள் முத்துத்தாயைக் காசிமாயனுக்குக் கொடுத்தார்கள். இளையவள் ஒச்சாயியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நல்லகாமனுக்குக் கொடுத்தார்கள். காசிமாயன் உள்ளூர்க்காரன், அதே கல்லுப்பொட்டலில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன், பால்காரன். நல்லகாமன் மதுரை டவுன்காரன். பழங்காநத்தத்தில் வீடு, மில்லில் வேலை. அது போதாதென்று மில் சார்பாக சைக்கிள் பந்தயங்களில் ஓட்டி, பனியனில் நம்பர் குத்திக்கொண்டு போட்டோவெல்லாம் எடுத்திருக்கிறான். அந்தப் போட்டோ மாமனார் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. தினம் பார்க்கிற முகத்துக்கு யார் நாற்காலி போடுவார்கள் என்பது காசிமாயனுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் வயிறு எரியாது என்று யார் சொன்னது?

நல்லகாமன் கெட்டவனாக இருந்தாலாவது பொறாமைப்படுவதில் ஒரு நியாயம் இருக்கும். அவன் குடிப்பதில்லை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். வரும்போதெல்லாம் அக்காள் பிள்ளைக்கென்று பன்ரொட்டி வாங்கி வருவான். காசிமாயனை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவான். குறை கண்டுபிடிக்க இரண்டு வருஷமாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தும் காசிமாயனுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அவன் சிரிக்கும்போது ஈறு தெரியும். அதை முத்துத்தாயிடம் சொன்னதற்கு, "ஆமா, பச்சப்புள்ள மாதிரி சிரிப்பாரு" என்று அவள் அதையும் ஒரு அழகாக்கிவிட்டாள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காசிமாயனை யாரும் தொட முடியாது. கல்லுப்பொட்டலில் அவன்தான் முதல் சைக்கிள்.

இது என்ன பெரிய பட்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். கல்லுப்பொட்டல் நாகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே பதினாலு பேர் பால்காரர்கள். விடிகாலையில் கேன்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திருநகருக்கும் பழங்காநத்தத்துக்கும் போவார்கள். ரோட்டைச் சுற்றிப் போனால் ஒன்பது மைல். கருவேலங்காட்டுக்குள் புகுந்து போனால் ஐந்தே மைல். ஆனால் காட்டுக்குள் இருப்பது ஒரு சைக்கிள் மட்டும் போகிற தடம். இரண்டு பக்கமும் முள். முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் முந்த முடியாது. அவன் இறங்கித் தள்ளினால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அவன் பீடி பற்றவைக்க நின்றால் பதிமூன்று பேரும் ஒற்றைக்காலை ஊன்றி நிற்க வேண்டும்.

ஆகவே யார் முன்னால் போவது என்று ஒரு காலத்தில் தினமும் சண்டை. ஒருநாள் பால் கேனால் ஒருவன் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் கூடி ஒரு ஏற்பாடு செய்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காட்டைச் சுற்றி ஆறு மைல் பந்தயம். எவன் முதலில் வருகிறானோ அவன் தலையில் ஒரு பழைய பால்காரர் துண்டு கட்டுவார். அடுத்த பொங்கல் வரை அவன்தான் முதல் சைக்கிள். அவன் இரண்டு தடவை மணியடித்தால்தான் வரிசை கிளம்பும்.

காசிமாயன் தொடர்ந்து ஆறு வருஷம் முதல் சைக்கிள். பகலெல்லாம் அவன் யாரோ ஒருவன்தான். கடன் கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மாமனார் வீட்டில் பாயைக்கூட அவனே எடுத்து விரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் காலை நாலரை மணிக்கு அவன் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு மிதித்தால், பின்னால் பதிமூன்று சைக்கிள்களின் கேன் சத்தம் கடகடவென்று கிளம்பி வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவன் சில நாள் வேண்டுமென்றே மெதுவாகப் போவான்.

1983 பொங்கலுக்கு நல்லகாமன் தன் பந்தய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான்.

மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. ஹேண்டில்பார் ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. காட்டுக்கென்று கொஞ்சம் தடித்த டயர் மாற்றியிருந்தான். ஊர்ப் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். அவன் ஒவ்வொருவனையும் சைக்கிளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். ஒரு கையால் தூக்கலாம் போலிருந்தது. காசிமாயனின் ஆறு வயது மகள் மாயக்காள் ஓடிவந்து அப்பன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"யப்பா, நீயும் சித்தப்பா சைக்கிளு மாதிரி வாங்கு. ஒஞ்சைக்கிளு பால் நாத்தம் அடிக்குது."

பிள்ளை சொன்னதுதான். ஆனாலும் காசிமாயனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தயம் நடத்துவது இளைஞர் மன்றம். அதன் செயலாளர் சிவனாண்டி அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்லகாமன் நாற்காலியில் இருந்தான். காசிமாயன் பாயில் இருந்தான். ஆண்டிச்சாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க சகலையும் ஓட்டுறேங்கிறாரு. பால்காரருங்க பந்தயந்தேன். ஆனா ஊர் மருமகன். நீங்க சரின்னா சரி" என்றார் சிவனாண்டி.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மாமனார் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அடுப்படி வாசலில் முத்துத்தாயும் ஒச்சாயியும் நின்று பார்த்தார்கள். இத்தனை கண்களுக்கு நடுவில் வேண்டாம் என்றால், பயந்துவிட்டான் என்று அர்த்தம்.

"அதுக்கென்ன, ஓட்டட்டும்" என்றான் காசிமாயன்.

"அவரு ஜெயிச்சுட்டா முதல் சைக்கிள் யாரு?" என்று ஒச்சாயி கேட்டாள். அவளுக்குத் தன் புருஷன் தோற்கக்கூடும் என்று ஒரு நினைப்பே இல்லை.

சிவனாண்டி தாடையைத் தடவினார். இப்படி ஒரு சிக்கல் இதுவரை வந்ததில்லை. "டவுன் ஆளு தெனமும் வந்து முன்னால நிக்க முடியாதுல்ல. அதனால முதல் இடம் காலியா இருக்கும். ரெண்டாவது வந்தவரு ரெண்டாவது சைக்கிளாவே போவாரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தான். முன்னால் ஆளே இல்லாமல் இரண்டாவதாகப் போவது! ஒரு வருஷம் முழுக்க, ஒவ்வொரு காலையும், நல்லகாமன் பழங்காநத்தத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, அவனுக்காக ஒரு காலி இடத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் நல்லகாமனே தேடி வந்தான். "அண்ணே, எனக்கு ரோட்டுலதான் பழக்கம். ஒரு சுத்துக் காட்டிக் குடுங்க. ஒங்க பின்னாலேயே வாரேன்."

தப்பும் தவறுமாகக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் காசிமாயன் கிளம்பினான். ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் அவனுக்குத் தன் வித்தையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. மலையடிவாரத்துச் சரளையில் எப்படி ஹேண்டிலைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும், செம்மண் சரிவில் எந்த இடத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், ஓடை மணலில் எந்தக் கரையோரம் இறுகலாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். நல்லகாமன் ஒரு தடவை கேட்டதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. சரிவில் காசிமாயன் காலை ஊன்றிய இடத்தில் அவன் ஊன்றாமலே இறங்கி வந்தான்.

"இந்தத் தடத்துல பாலோட தெனமும் வாரீகளா? என்னால எல்லாம் முடியாதுண்ணே" என்றான் நல்லகாமன் கீழே வந்து.

மனசாரத்தான் சொன்னான். அதுதான் காசிமாயனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆறு வருஷத்தில் கற்றதை ஒரு மத்தியானத்தில் வாங்கிக்கொண்டவன் பாராட்டு வேறு சொல்கிறான்.

பந்தயத்தன்று காலை கண்மாய் மடையில் ஊரே கூடியிருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, மைக்செட்காரர் எட்டு மணியிலிருந்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். இந்த முறை துண்டு கட்டும் பெரியவர் ஆண்டிச்சாமி. அவரும் முப்பது வருஷம் பால் கேன் தூக்கியவர்தான். புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதே இரும்பு நாற்காலியில் மடையருகே உட்கார்ந்திருந்தார்.

சிவனாண்டி விசிலை ஊதினார். பதினைந்து சைக்கிள்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன.

மலையடிவாரச் சரளை வரை இரண்டு மைல் ஓரளவு அகலமான வண்டிப்பாதை. அங்கே நல்லகாமன் உடம்பை மடக்கிக் குனிந்து மிதித்த மிதியில் இருநூறு கஜம் முன்னால் போய்விட்டான். காசிமாயன் கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்றி வைத்திருந்தும் அவன் சைக்கிள் எருமை மாதிரிதான் நகர்ந்தது. பின்னால் சோணையும் சின்னக்கருப்பனும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. முன்னால் தெரிந்த அந்த மஞ்சள் பனியனைத்தான் பார்த்துக்கொண்டு மிதித்தான்.

சரளையில் கொஞ்சம் பிடித்தான். கல்லுக்குக் கல் சைக்கிள் குதிக்க, பல் கிட்டிக்க, எங்கே சறுக்கும் எங்கே தாங்கும் என்று காலுக்கே தெரிந்த இடம் அது. நல்லகாமன் அங்கே ஒரு தடவை விழுந்து எழுந்தான். செம்மண் சரிவில் அவன் மறுபடியும் இடைவெளி விட்டான். பிரேக்கே பிடிக்காமல், ஹேண்டிலின்மேல் படுத்துக்கொண்டு, காற்றில் பனியன் உப்ப அவன் இறங்கியதைப் பார்த்தபோது காசிமாயனுக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. இந்தப் பயல் நன்றாக ஓட்டுகிறான். தன்னைவிட நன்றாக ஓட்டுகிறான். சைக்கிள் லேசு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதே சரிவில் அவனை எருமை சைக்கிளில் ஏற்றிவிட்டாலும் அப்படித்தான் இறங்குவான்.

அந்த நினைப்பு அவனுக்குக் கசந்தது. ஓடை மணலில் இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். ஏறினான். சீமைக்கருவேல் அடர்ந்த தடத்துக்குள் புகுந்தான். கிளைகள் கையைக் கிழித்தன. இன்னும் இரண்டரை மைல் இருந்தது. மஞ்சள் பனியன் கண்ணில் படவே இல்லை. அவ்வளவுதான், முடிந்தது, இனி ஒரு வருஷம் காலி இடத்துக்குப் பின்னால்தான் என்று மனசு அடங்கத் தொடங்கிய நேரத்தில், தடம் கொஞ்சம் அகன்ற ஒரு வளைவில் நல்லகாமன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுக் குந்தியிருந்தான்.

முன் டயரில் ஒரு கருவேல முள் குத்தி நின்றது. விரல் நீளத்தில் பாதி வெளியே தெரிந்தது.

"அண்ணே, முள்ளு ஏறிருச்சு. காத்து இன்னும் இருக்கு. பிடுங்கவா, இப்படியே ஓட்டவா?"

கல்லுப்பொட்டலில் பால் கறக்கத் தெரியாதவனுக்குக்கூட இதற்குப் பதில் தெரியும். கருவேல முள் ஏறினால் பிடுங்கக் கூடாது. தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த முள். வெளியே நீட்டுகிற பாதியை மட்டும் ஒடித்துவிட்டு மிதித்தால், காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். நாலு மைல்கூடப் போய்விடலாம். பிடுங்கினால் அந்த இடத்திலேயே டயர் சப்பையாகிவிடும். பால் கெடுவதற்குள் டவுன் போய்ச் சேர வேண்டியவர்கள் கண்டுபிடித்த பழக்கம் இது. ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாது. ஆணியோ கண்ணாடிச் சில்லோ குத்தினால் உள்ளே போவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியும்.

காசிமாயன் ஒரு காலை ஊன்றி நின்றான். மூச்சு வாங்கியது. நல்லகாமன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் ஒரு சந்தேகம் கிடையாது. ஒடிச்சுட்டு ஓட்டுடா என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தைக்கு எதிரே நாற்காலி வந்து நின்றது, போட்டோ வந்து நின்றது, பால் நாத்தம் என்று மூக்கைச் சுளித்த மகள் வந்து நின்றாள்.

"பிடுங்கிரு தம்பி. விட்டா உள்ள போயிரும்."

சொல்லிவிட்டு மிதித்தான். பத்து கஜம் போவதற்குள் பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சத் தூரத்தை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. கண்மாய்க்குள் இறங்கி, வெடிப்புகளில் சக்கரம் மாட்டாமல் குறுக்கே ஓட்டி, கரையேறியபோது மடையிலிருந்து ஒரே கூச்சல். மாயக்காள் முதலில் ஓடிவந்தாள். "யப்பா ஜெயிச்சிருச்சு, யப்பா ஜெயிச்சிருச்சு!" முத்துத்தாய் கூட்டத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை பக்கத்தில் நிற்கிறாள் என்பதையும் மறந்து அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. இதற்காகத்தானே என்று காசிமாயன் தனக்குள் சொல்லிக்கொண்டான். உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியதை, மூச்சு வாங்குவதால் என்று வைத்துக்கொண்டான்.

அடுத்து சோணை வந்தான், சின்னக்கருப்பன் வந்தான், வரிசையாக எல்லோரும் வந்தார்கள். டவுன் மருமகனைக் காணோம். "முன்சக்கரம் சப்பையாயி நடந்து வந்துக்கிட்டிருக்காரு" என்றான் சோணை. ஒச்சாயி முகம் சுண்டிப்போனது. ஆண்டிச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். காசிமாயன் தலையைக் குனிந்தான்.

அப்போதுதான் கரைமேல் நல்லகாமன் தெரிந்தான். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் சிராய்த்து, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். மைக்செட்காரருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "இதோ நம்ம டவுன் மாப்பிள்ளை வந்துவிட்டார்! ரெண்டு வார்த்தை பேசுங்க மாப்பிள்ளை!" என்று மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார்.

நல்லகாமன் சைக்கிளை இறக்கி வைத்தான். சட்டென்று என்ன பேசுவதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தேடுவது மாதிரி பனியனைத் தடவினான். பிறகு பேசினான்.

"நான் எம்புட்டோ பந்தயம் ஓட்டியிருக்கேன். பந்தயத்துல ஒருத்தன் நின்னுபோனா மத்தவன் சிரிச்சுக்கிட்டே போவான். இன்னைக்கு எனக்கு முள்ளு குத்திருச்சு. எங்க அண்ணன் நின்னாரு. ஜெயிக்கிற நேரத்துல வண்டிய நிப்பாட்டி, முள்ளைப் பிடுங்கிரு தம்பின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இந்தத் துண்டு அவருக்குத்தான் சேரும்."

குழாய் ஒலிபெருக்கி அதை வேப்பமரத்தின் உச்சியிலிருந்து ஊர் முழுக்கச் சொன்னது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

யாரும் கைதட்டவில்லை. சோணை சின்னக்கருப்பனைப் பார்த்தான். சின்னக்கருப்பன் தரையைப் பார்த்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி மட்டும், "பிடுங்கவா சொன்னான்?" என்று கேட்டாள். அவளுக்குக் காது மந்தம். தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டாள். நல்லகாமன் மட்டும் ஏன் இப்படி அமைதியாகிவிட்டார்கள் என்று தெரியாமல், மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான்.

காசிமாயன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. துண்டு தலைக்கு வரவில்லை.

"மாப்ள" என்றார் ஆண்டிச்சாமி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நெசமா?"

அவன் பேசவில்லை. முப்பது வருஷம் பால் கேன் தூக்கியவருக்கு அந்தப் பதில் போதும். விரித்த துண்டை மறுபடி மடித்தார். முதலில் வந்தவனுக்குத் துண்டு உண்டு, அதை இல்லையென்று சொல்ல வழக்கத்தில் இடமில்லை. மடித்த துண்டை அவன் கையில் வைத்தார்.

"நீங்களே கட்டிக்கிருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று மத்தியானம் முத்துத்தாய் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரே உட்காரவில்லை. கை கழுவித் தட்டை எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வேற யாராச்சும் கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

"பிடுங்காதன்னு."

"அப்பத் தெரிஞ்சேதான் சொல்லிருக்கீங்க."

"அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு? நாற்காலி இல்லையா, போட்டோ இல்லையா? எனக்கு இருக்குறது இது ஒண்ணுதான்டி. அதையும் வந்து புடுங்குனா?"

"அவரு எதையும் புடுங்கலையே" என்றாள் முத்துத்தாய். "நீங்க சொல்லித்தான புடுங்குனாரு."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். காலையில் ஊருக்கு முன்னால் கண்ணைத் துடைத்த அதே முந்தானையால்தான் இப்போதும் துடைத்துக்கொண்டாள். காசிமாயனுக்கு வெளியே போகவும் பிடிக்கவில்லை, உள்ளே இருக்கவும் பிடிக்கவில்லை.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு அவன் கேன்களை மாட்டிக்கொண்டு ஊர்க்களத்துக்கு வந்தான். எல்லோரும் வந்திருந்தார்கள். யாராவது ஒருவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தான். வந்தால் பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். ஒருவனும் வரவில்லை. காசிமாயன் முன்னால் போய் நின்று மணியை இரண்டு தடவை அடித்தான். மிதித்தான். கேன் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். சோணை குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போங்கண்ணே" என்றான் சின்னக்கருப்பன். குரலில் கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். "நாங்க இனிமே ரோட்டு வழியாப் போறோம்."

"ரோட்டுல ஒம்பது மைலுடா."

"இருக்கட்டும்ணே. காட்டுக்குள்ள ஒண்ணுன்னா முன்னால போற ஆளத்தான கேக்கணும்."

பதிமூன்று சைக்கிள் விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டுப் பக்கம் திரும்பின. கடகடவென்ற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. காசிமாயன் காட்டுக்குள் புகுந்தான். முதல் சைக்கிள் காட்டுவழிதான் போக வேண்டும், வேறெங்கே போவது? சரளையில் அவன் கேன்கள் மட்டும் சத்தம் போட்டன. அந்தத் தடத்தில் அவன் தனியாகப் போனதே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை. ஓடை மணலில் இறங்கித் தள்ளினான். கூட வராதவர்கள்மேல் கோபப்பட்டான், மைக்செட்காரர்மேல் கோபப்பட்டான், எல்லாவற்றுக்கும் மேலாக நல்லகாமன்மேல் கோபப்பட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா அந்தப் பயல்?

"அண்ணே! நில்லுங்கண்ணே!"

மணலில் லேசான சக்கரச் சத்தம். நல்லகாமன் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். முன்சக்கரத்தில் பஞ்சர் ஒட்டி, நிறையக் காற்று அடித்திருந்தது.

"நீ என்னடா இங்க?"

"ஆறு மணிக்கு ஷிப்டுண்ணே. வீட்டுக்குப் போயிட்டு மில்லுக்குப் போகணும். ஒச்சாயி நாலு நாளு இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். ரோட்டுல போனா பிந்திரும். நீங்க மட்டும் காட்டுவழியாப் போறீகன்னு சொன்னாங்க. ஓடைக்கு அங்கிட்டு டவுனுக்குப் பிரியுற தடம் எனக்குத் தெரியாதுல்ல. அதான் பின்னாலேயே வந்துட்டேன்."

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலைக் கடந்தார்கள். கரையேறியதும் காசிமாயன் நின்றான். முகத்தைப் பார்க்காமல், ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கருவேல முள்ளு குத்துனா பிடுங்கக் கூடாது."

"தெரியும்ணே" என்றான் நல்லகாமன். "நேத்துச் சாயங்காலமே ஒச்சாயி சொல்லிருச்சு. சொல்லி அழுதுச்சு."

காசிமாயன் நிமிர்ந்து பார்த்தான். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. சகலையின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஒனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சுண்ணே. வராம இருக்குமா? ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். பெறகு வீட்டுக்குப் போயி உக்காந்து பஞ்சர் ஒட்டுனேன். ஒட்டி முடிக்கிறதுக்குள்ள போயிருச்சு." சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டான். "போங்கண்ணே, நேரமாகுது."

அவன் நடிக்கவில்லை. பெருந்தன்மை காட்டவும் இல்லை. நிஜமாகவே அவனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காசிமாயன் அதைப் பார்த்தான். தனக்கு ஒருவன் இப்படிச் செய்திருந்தால் எத்தனை பொங்கலுக்கு அதை மறக்காமல் வைத்திருந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தான். பிள்ளைக்குச் சொல்லி, அதன் பிள்ளைக்கும் சொல்ல வைத்திருப்பான். இவனுக்கு ஒரு பஞ்சர் ஒட்டுகிற நேரத்தில் போய்விட்டதாம். நாற்காலியைப் பார்த்தபோதும், பந்தய சைக்கிளைப் பார்த்தபோதும், சரிவில் அவன் இறங்கியதைப் பார்த்தபோதும்கூட இப்படி எரிந்ததில்லை. இதுவும் அவனுக்குத்தானா என்று காசிமாயனுக்கு அடிவயிறு எரிந்தது.

நீ முன்னால போடா என்று சொல்லிவிடத் தோன்றியது. தடத்தைப் பின்னாலிருந்தே சொல்லிக்கொண்டு வரலாம். வாய் வரை வந்தது.

அவன் சொல்லவில்லை. மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு மிதித்தான். பின்னால் அந்த ஒரு சைக்கிள் மட்டும் வந்தது.